நோவாவின் பின் சீட்டில் மகளுக்கு ஓர் இடம்

என்னுடையது 1970 ஷெவி நோவா. இரண்டு கதவு, 350 கியூபிக் இஞ்ச் வி8, கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்தை (டிராக் ரேஸ்) 11.8 விநாடியில் முடிக்கும். மிச்சிகனுக்கு வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம் வாங்கி, என் கையாலேயே கட்டிய வண்டி. மகள் பிறந்ததும் ஊரிலிருந்து போன் செய்த அம்மா முதல் ஷெட்டில் கூட நிற்கும் நண்பர்கள் வரை எல்லோரும் கேட்டது, எப்போது விற்கப் போகிறாய் என்பதுதான். எனக்கு விற்க மனமில்லை, அவளையும் அதில் உட்கார வைத்து ஓட்ட வேண்டும் என்றுதான் ஆசை. அதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்று சொல்கிறேன்.

முதலில் பெல்ட். அந்தக் காலத்து நோவாவில் பின்னால் இடுப்பு பெல்ட் மட்டும்தான். 2002க்குப் பின் வந்த கார்களில் குழந்தை சீட்டை மாட்ட இருக்கும் கொக்கிகள் இதில் கிடையாது. ஆனால் இடுப்பு பெல்ட்டை வைத்தே குழந்தை சீட்டைச் சரியாகக் கட்டலாம். ஐம்பது வருஷம் வெயில் தின்ற பழைய நாடாவை நம்பாமல் புது பெல்ட் வாங்கி, தரையில் கம்பெனியே வெல்ட் செய்திருந்த அதே நட்டுகளில் முறுக்கினேன். பின் பெஞ்ச் உள்வாங்கிச் சரிந்திருப்பதால், குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட் சரியான கோணத்தில் நிற்க அடியில் துண்டைச் சுருட்டி வைக்க வேண்டியிருந்தது. பிறகு குழந்தை சீட் சோதிக்கும் பயிற்சி பெற்ற ஒரு அம்மாவிடம் காட்டினேன். அவர் சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி பெல்ட்டை இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தார். நான் இறுக்கியது போதவில்லை. பெல்ட் போகும் இடத்தில் பிடித்து அசைத்தால் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது, அதுதான் கணக்கு.

மகளுக்கு மூன்றரை வயதாகி சீட்டை முன்னோக்கித் திருப்பியபோது சீட்டின் மேல்பகுதி முன்னால் சாயாமல் பிடிக்கும் மேல் பட்டையைக் கட்ட இடமில்லை. பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தகடு மெல்லியது, வெறும் போல்ட் போட்டால் விபத்தில் பிய்ந்து வந்துவிடும். அந்தத் தகட்டுக்கு அடியில் தடித்த இரும்புப் பட்டை கொடுத்து, கிரேடு 8 எனும் வலுவான போல்ட் போட்டு முறுக்கினேன்.

புகைதான் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது. பந்தயத்துக்காக எக்ஸாஸ்ட் புகைக் குழாயைப் பின் அச்சுக்கு முன்னாலேயே நிறுத்தியிருந்தேன். புகையில் வரும் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடை அளக்கும் மீட்டரைப் பின் சீட்டில் வைத்து ஓட்டினால் சிக்னலில் நிற்கும்போது எண் ஏறியது. பூட் (டிக்கி) ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது, பூட் தரையில் இரண்டு துளைகளின் அடைப்பானும் இல்லை. புது ரப்பர், அடைப்பான், பம்பர் வரை நீளும் குழாய் எல்லாம் போட்டு, மீட்டர் பூஜ்யத்தில் நின்ற பிறகுதான் அவளை ஏற்றினேன். இந்த வேலையை யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் ரோல் பார், அதாவது வண்டி உருண்டால் டிரைவரைக் காக்க உள்ளே பொருத்தும் இரும்புக் குழாய். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்ஹெச்ஆர்ஏ விதிப்படி இந்த மாதிரி பழைய வண்டி கால் மைலை 11.49 விநாடியிலோ அதற்குள்ளோ ஓடினால் ரோல் பார் கட்டாயம். அந்த 0.3 விநாடியைக் குறைக்கும் பலம் என் எஞ்சினில் இன்னும் மிச்சமிருக்கிறது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை மாற்றினால் போதும். ஆனால் ஹெல்மெட் போட்ட டிரைவரைக் காக்கும் அந்தக் குழாய், பின் சீட்டில் வெறும் தலையோடு இருக்கும் பிள்ளைக்கு நேர் எதிரே நிற்கும். எவ்வளவு பேடிங் சுற்றினாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. வண்டியை 11.8லேயே விட்டுவிட்டேன். வருத்தமே இல்லை.

மழை வரும்போல் இருந்தால் அவளை அதில் ஏற்றுவதில்லை. பந்தயத்துக்கான டிராக் ரேடியல் டயருக்கு ஈரத்தில் பிடி மிகக் குறைவு. பந்தயத் தடத்துக்குப் போகும் ஞாயிறுகளில் சீட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்து மாட்டும்போது அவளும் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆடலை அப்பா" என்கிறாள்.