ஸ்கேன் குறிப்பேடு: ஃபிலிமில் இருப்பது கோப்பிலும் இருக்க

ஜூன் 3
ஸ்கேனரில் கருப்பு-வெள்ளை நெகட்டிவ் (ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த ஃபிலிம்), 16 பிட், டிஃப் என்ற வகைப் படக் கோப்பு. கான்ட்ராஸ்டைத் தானே இழுக்கும் ஆட்டோ லெவல்ஸ் வசதியை அணைத்தாயிற்று. ஸ்கேன் செய்யும் பகுதியைக் குறிக்கும் தேர்வுக் கட்டத்தைப் படத்துக்கு உள்ளேயே வரைய வேண்டும். ஃபிலிமின் ஓரத் துளை கட்டத்துக்குள் வந்தால், அதன் வழியே தடையின்றிப் பாயும் ஒளியை மென்பொருள் முழுக் கருப்பு என்று எடுத்துக்கொள்ளும், நிழல்கள் சாம்பலாகும். ஃபிலிமைப் பிடித்திருக்கும் ஹோல்டரின் விளிம்பு வந்தால் அது முழு வெள்ளையாகி, வெளிச்சப் பகுதிகள் மங்கும். படம் சோகையாக இருந்தால் ஃபிலிமைக் குறை சொல்வதற்கு முன் கட்டத்தைப் பாருங்கள்.

ஜூன் 4
ஹிஸ்டோகிராம் (எந்த ஒளி அளவில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடம்) மேட்டின் இரு முனைகளுக்கும் சற்று வெளியே கருப்பு, வெள்ளைப் புள்ளிகள். மேடு வரைபடத்தின் ஓரச் சுவரில் மோதி நின்றால் அந்த விவரம் கோப்பில் இல்லை; பிறகு எந்தக் கர்வாலும் (ஒளி அளவுகளை மாற்றும் வளைகோடு) மீட்க முடியாது. இப்படி எடுத்த ஸ்கேன் தட்டையாகத்தான் தெரியும். தெரியட்டும்.

ஜூன் 6
கான்ட்ராஸ்ட் இன்றுதான். 0 (கருப்பு) முதல் 255 (வெள்ளை) வரையிலான கர்வில் நடுவை அசைக்காமல் 64-ஐ 56-க்கு இறக்கி, 192-ஐ 200-க்கு ஏற்றினால் மென்மையான எஸ் வளைவு. பெரும்பாலான படங்களுக்கு இதுவே போதும். முகத்தில் வெயில் விழுந்த படமென்றால் மேல்புள்ளியை (192) தொடாதீர்கள், தோலின் நுணுக்கம் போய்விடும். 8 பிட்டில் இருப்பது 256 படிகளே. தட்டையான ஸ்கேனின் மேடு அதில் 100 படிகளை மட்டும் பிடித்திருந்து, அதை முழு அகலத்துக்கு இழுத்தால் ஹிஸ்டோகிராம் சீப்புப் பல்லாகும். வானத்தில் பட்டைகள் தெரியும். 16 பிட்டில் 65,536 படிகள், இழுத்தாலும் தாங்கும்.

ஜூன் 9
கலர் நெகட்டிவ். ஆரஞ்சு அடித்தளத்தால் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களின் மேடுகள் மூன்று வெவ்வேறு இடங்களில் நிற்கும். மூன்றுக்கும் பொதுவான ஸ்லைடரை மட்டும் இழுத்தால் நிழலில் ஒரு சாயம், வெளிச்சத்தில் இன்னொரு சாயம். ஒவ்வொரு சேனலுக்கும் முனைகளைத் தனித்தனியே வைத்து, மிச்சச் சாயத்தை நடு ஸ்லைடரால் சரிசெய்ய வேண்டும். அந்திவானப் படத்தில் மட்டும் இது கூடாது: அங்கே சாயம்தான் படம். அதே ரோலில் பகல் வெளிச்சத்தில் எடுத்த ஃப்ரேமின் எண்களை அப்படியே இதற்கும் போட்டால் வானத்தின் செந்நிறம் தங்கும்.

ஜூன் 10
ஸ்லைடு (ஒளியும் நிழலும் நேராகவே பதிந்த ஃபிலிம்). இதில் கணக்கு தலைகீழ்: நிழலே அடர்த்தி, ஸ்கேனரின் இரைச்சலும் (படத்தில் தாறுமாறாகத் தோன்றும் புள்ளிகள்) அங்கேதான். ஒரே வரியை 4 முறை படிக்கும் வசதி இருந்தால் இரைச்சல் ஏறக்குறைய பாதியாகும். அதற்குப் பிறகும் புள்ளிகள் மினுங்கினால் நிழலைத் தூக்காமல் கருப்பாகவே விடுவது நல்லது.