இறக்கத்துக்கும் சேர்த்து

அக்டோபர் 9, 2025, வியாழன்

சனிக்கிழமை அக்காவும் நானும் மலைப் பூங்காவின் காட்சிமுனைக்கு நடக்கிறோம். போக வர 12 கிலோமீட்டர், ஏற்றம் 480 மீட்டர். 'மிதமான பாதை' என்று போட்டிருக்கிறார்கள். யாருக்கு மிதம்? அக்காவுக்கு முட்டிவலி உண்டு.

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி எங்களுக்கு 3 மணி 12 நிமிடம். ஆனால் அதில் உட்காரும் நேரமும் இல்லை, செங்குத்தில் பார்த்துப் பார்த்து இறங்கும் நேரமும் இல்லை. அதனால் 7 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். எங்கே இருந்தாலும் 11 மணிக்குத் திரும்பி இறங்கத் தொடங்கிவிடுவது என்று பேச்சு. வரைபடத்தில் கடைசிக் கிலோமீட்டரில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) நெருங்கிக் கிடக்கின்றன. செங்குத்து அங்கேதான்.

அக்டோபர் 11, சனி

காலை 7 மணிக்குக் கிளம்பினோம். மூன்றாவது கிலோமீட்டரில் இடது குதிகாலில் எரிச்சல். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தேன், அக்கா விடவில்லை. "உட்காரு, ஷூவைக் கழட்டு." காலுறையைத் திருப்பினால் கடுகளவு மணல். தோல் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிவந்திருந்தது, கொப்புளம் எழவில்லை. ஈரத்தைத் துடைத்து, காயவிட்டு, டேப்பைச் சுருக்கம் விழாமல் ஒட்டிவிட்டாள். அந்தப் பத்து நிமிடம்தான் மிச்ச வழி முழுக்க என்னை நடக்கவைத்தது.

கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே ஆட்கள் நேராக இறங்கி இறங்கிக் குறுக்குவழி ஆக்கியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் அதையே வாய்க்காலாகப் பிடித்துக்கொண்டு மண்ணை அரித்து, மரத்தின் வேர்கள் அந்தரத்தில் நிற்கின்றன. பார்க்கவே மனசு கேட்கவில்லை. வளைந்துதான் போவோமே!

10:20-க்குக் காட்சிமுனை. ஐந்து வரிசை மலைகள். முதல் வரிசையில் மரம் மரமாகத் தெரிகிறது. அடுத்தது நீலம் ஏறிய பச்சை. கடைசி வரிசை வானத்தோடு ஒட்டிய வெளிர்நீலம்; அங்கே ஒரு மலை இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. இடையிலுள்ள காற்று நீல ஒளியைச் சிதறடித்து நம் பக்கம் அனுப்புகிறது. காற்று கூடக்கூட நீலம் கூடுகிறது. அப்படியென்றால் நாங்கள் பார்த்த நிறமே தூரம்தான். சமவெளியில் நிற்பவருக்கு அடிவானம் 5 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு 480 மீட்டர் மேலே நின்றால் 78 கிலோமீட்டர். அக்கா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

11 மணி. "இன்னும் பத்து நிமிஷம்க்கா."

"இறங்கப்போறது உன் ஆசை இல்லடா, என் முட்டி."

சரி என்று எழுந்தேன். ஷூ நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினோம். இல்லாவிட்டால் பாதம் முன்னே வழுக்கி விரல் நுனி இடிக்கும். அக்கா ஊன்றுகோலைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள். சின்னச் சின்ன அடி. 1:50-க்கு அடிவாரம்.

அக்டோபர் 13, திங்கள்

மாடிப்படி ஏற முடிகிறது, இறங்கத்தான் முடியவில்லை. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. அந்த வேலையின் வலி ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும்.

அக்காவுக்கு முட்டி பரவாயில்லையாம், தொடைதானாம். ஒருமுறை இப்படிப் பழகிய தசை, சில வாரத்துக்குள் மறுபடி இறங்கினால் இவ்வளவு வலிக்காது என்றேன்.

"அப்போ இந்த மாசக் கடைசியிலேயே போயிடலாம்" என்றாள்.