எடுக்கலாமுங்களா?

"கிழக்கால கோடி நல்லாத்தானுங்க இருக்குது. விதைக்கு எடுக்கலாமுங்களா?"

பெரியவர் கேட்டது மாசியில், மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தபோது. "நல்ல கிழங்காப் பார்த்து எடுத்துக்குங்க ஐயா" என்றேன். பேச்சு அவ்வளவுதான். இரண்டு வருடமாக அதையேதான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தோட்டத்தின் மேற்கே நாலைந்து பாரில், அதாவது மண் அணைத்த நடவு வரிசைகளில், கிழங்கு அழுகல் இருந்தது இருவருக்குமே தெரியும். ஐப்பசி மழையில் அடியிலைகள் ஓரம் காய்ந்து நின்றதைப் பார்த்துத் தண்டைப் பிடித்து இழுத்தவனே நான்தான். கையோடு வந்துவிட்டது. அடித்தண்டு நீர்கோத்துக் கொழகொழவென்று, கிட்டப் போக முடியாத நாற்றம். வடிகால் எடுக்கச் சொல்லி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு மருந்தை லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து வேரில் ஊற்றச் சொன்னேன். கிழக்கே பரவாமல் நின்றது. அந்தப் பெருமையும் கொஞ்சம் இருந்திருக்கும்.

இந்த அழுகலைக் கொண்டுவரும் பித்தியம் கிருமி மண்ணிலும் கிடக்கும், விதைக்கிழங்கோடும் வரும். கண்ணுக்குத் தெரியாது. நோய் கண்ட தோட்டத்தில் விதை எடுக்காதே என்பது விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் என் வேலையில் அரிச்சுவடி. அது தெரிந்தவன்தான் 'பார்த்து எடுத்துக்குங்க' என்றேன். எதைப் பார்த்து?

அவர் ஒரு விரலியைப் படக்கென்று ஒடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே அடர்ந்த ஆரஞ்சு நிறம், ஈரம் மினுங்கியது. நான் அதைத்தான் பார்த்தேன். மேற்குப் பக்கம் திரும்பவே இல்லை.

ஏக்கருக்கு 700, 800 கிலோ விதை வேண்டும். அவருக்கு இரண்டு ஏக்கர். 2010 கடைசியில் மஞ்சள் குவிண்டால் 15 ஆயிரம் ரூபாயைத் தாண்டியதையும் 2012-ல் 4 ஆயிரத்துக்கு வந்து விழுந்ததையும் பார்த்த மனிதர், விதைக்குக் கைக்காசு போட யோசிப்பார். வெளியே வாங்கினாலும் அது எந்தத் தோட்டத்துக் கிழங்கென்று யாருக்குத் தெரியும்? இந்த நியாயத்தில் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு இதில் ஒன்றைக்கூட நான் யோசிக்கவில்லை. எல்லாம் பிற்பாடு சேர்த்துக்கொண்டது.

நடும்முன் மேங்கோசெப் மருந்தை லிட்டருக்கு மூன்று கிராம் கலந்து அதில் விதைக்கிழங்கை அரைமணி நேரம் நனைத்து நிழலில் உலர்த்தச் சொல்லியிருந்தேன். செய்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. "நனைச்சனுங்களே" என்று சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கு ஒதுங்க இடமில்லை.

மரத்தடியில் குவித்து, மஞ்சள் செடியின் இலைகளைப் போட்டு மூடி, சாணமும் மண்ணும் பூசி வைத்திருந்த விதையை வைகாசியில் காலிங்கராயன் வாய்க்காலோர வயலில் நட்டார். புரட்டாசியிலேயே ஆரம்பித்துவிட்டது. ஒன்றரை ஏக்கர் போனது.

"தண்ணி நின்ன வயல், நீ என்னப்பா பண்ணுவே" என்றார் மேலதிகாரி. வாய்க்கால் கசிவு இருந்தது, மழையும் அதிகம்தான். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். ஆனால் மேட்டுப் பக்கத்துப் பார்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குத்துக் குத்தாக அழுகியிருந்தது. தண்ணீர் நிற்காத இடம். நேரில் பார்த்தேன், எழுதவில்லை.

"உங்களக் கேட்டுத்தானுங்க தம்பி எடுத்தேன்" என்றார் பெரியவர். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல். மோர் கொடுத்தார், குடித்தேன்.

அதன்பிறகு யார் கேட்டாலும் "எடுக்காதீங்க" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவந்தேன். ஒருத்தர் என் பேச்சைக் கேட்காமல் நோய் கண்ட தோட்டத்திலேயே எடுத்து நட்டார். பயிர் ஜம்மென்று வந்தது. "உங்க பேச்சக் கேட்டிருந்தா விதைக்காசு தண்டமுங்க" என்று சிரித்தார். அப்படியென்றால் பெரியவர் வயலில் போனதும் விதையால் இல்லையோ என்று அன்றிரவு நிம்மதியாக இருந்தது. மறுநாள் மேட்டுப் பார்கள் ஞாபகம் வந்தன.

போன மாசியில் ஒரு அக்கா. "ஒரு மூலைலதானுங்க சார் வந்துச்சு."

"எடுக்காதீங்கக்கா."

"வெளிய வாங்கறதுக்குக் காசுக்கு எங்கீங்க போறது?"

கையில் ஒடித்த விரலி. நல்ல நிறம்.

"சரிங்க்கா, மருந்துல நனைக்கிறத மட்டும் விட்டுறாதீங்க" என்றேன்.

திரும்பும்போது வாய்க்கால்மேட்டு வழியாகத்தான் வண்டியை விட்டேன். பெரியவர் வயலில் இப்போது கரும்பு நிற்கிறது.