நீலக் கடலில் தீனி கம்மி

போர்ட் பிளேரில் எங்களுக்கு ஒரு சின்ன லாட்ஜ். (2024-இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆட்டோக்காரர் வாயில் இன்னும் பிளேர்தான்.) தங்க வருகிறவர்கள் பெரும்பாலும் சென்னை, மதுரைப் பக்கத்து ஆட்கள். ஹேவ்லாக் தீவுக்குப் போய்விட்டு வந்ததும் தவறாமல் கேட்பார்கள்: "ஏங்க, மெரினாவும் இதே கடல்தானே, அங்க ஏன் தண்ணி இப்படி இல்ல?"

இதே கடல் இல்லை. தீவுகளுக்கு மேற்கே இருப்பதுதான் வங்காள விரிகுடா. ஹேவ்லாக் இருக்கும் கிழக்குப் பக்கம் அந்தமான் கடல். அது தனி. சரி, அதை விடுங்கள். "அங்க அழுக்கு, இங்க சுத்தம்" என்று அவர்களே ஒரு பதிலும் சொல்லிக்கொள்வார்கள். அது பாதிதான் சரி. இங்கே மண்ணை அள்ளிக்கொண்டு வர பெரிய ஆறு கிடையாது. வட அந்தமானில் ஓடும் கால்போங்கை விட்டால் ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மழையில் கரைந்து வரும் செம்மண்ணில் கொஞ்சம் உப்பங்கழிகளில் நிற்கும் கண்டல் மர வேர்களிலேயே தங்கிவிடும். மீதிப் பதில் வேறு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதற்குக் காரணம், அதில் ஒன்றும் இல்லை என்பதுதான்.

அம்மாவின் தம்பி ராமநாதபுரம் கரையில் மீன் பிடிக்கிறவர். ஒருமுறை இங்கே வந்திருந்தபோது ஹேவ்லாக் ஜெட்டியில் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, தரை வரைக்கும் தெரியுது, இதுல எவன் வலை போடுவான்?" என்றார். ஊரே வாய் பிளந்து பார்க்கிற தண்ணீரை ஒரே வரியில் தள்ளிவிட்டார். அவர் சொன்னது சரி. கலங்கிப் பச்சையாக இருக்கிற தண்ணீரில்தான் நுண்ணுயிர்கள், அதைத் தின்னும் பொடி மீன்கள், அதன் பின்னால் பெரிய மீன்கள்.

வெப்பக் கடலின் சிக்கல் அதன் சூடுதான். அந்தமான் கடலின் மேற்பரப்பு வருஷம் முழுக்க ஏறக்குறைய 27 முதல் 30 டிகிரி. 200 மீட்டர் கீழே போனால் சுமார் 14. ஆழத்தில் 5 டிகிரிக்குப் பக்கம். சூடான தண்ணீர் லேசு, குளிர்ந்தது கனம். அதனால் இரண்டும் லேசில் கலப்பதில்லை. குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் மேல்தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்கும், அடித்தண்ணீர் கலங்கி மேலே வரும். நமக்குப் பனிக்காலமே கிடையாதே! செத்தது, கழிந்தது எல்லாம் இறங்கி இருட்டுக்குள் போய்ச் சேர்கிறது. அதிலுள்ள சத்து திரும்பி மேலே வர வழியில்லை. மேல்தளத்தில் அடுப்பு எரிகிறது, அரிசி மூட்டை நிலவறையில், சாவி யாரிடமும் இல்லை. வெயில் கொட்டியும் தாவர நுண்ணுயிர்கள் பெருகாது. தண்ணீர் நீலமாகவே நிற்கும். இதே கடலின் வடக்கு ஓரத்தில் ஐராவதியும் சால்வினும் பர்மா மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அங்கே போனால் நீலமும் கிடையாது, போட்டோவும் கிடையாது.

இந்தப் பட்டினித் தண்ணீரில் பவளப்பாறை எப்படி இவ்வளவு செழிக்கிறது? பவளப் பூச்சியின் சதைக்குள்ளேயே நுண்பாசி குடியிருக்கிறது. பூச்சியின் கழிவு பாசிக்கு உரம். பாசி வெயிலில் சமைக்கும் சர்க்கரை பூச்சிக்குச் சாப்பாடு. வெளியிலிருந்து வரும் வரவு கொஞ்சம்தான். உள்ளுக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல் நடத்தி ஒரு ஊரையே கட்டிவிடுகின்றன.

போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் நார்த் பே கடற்கரையில் முகமூடி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டால் முதலில் மீன் தெரிவதற்கு முன்பே ஒரு சத்தம் கேட்கும். கறுக், கறுக். கிளிமீன் பாறையைக் கடிக்கிற சத்தம். பச்சையும் நீலமுமாக ஒன்று பாறையில் வாயை வைத்துச் சுரண்டும், இரண்டடி நகரும், அப்புறம் வால் பக்கமிருந்து வெள்ளையாக ஒரு புகை விடும். அது மணல். பாசிக்காகக் கடித்த சுண்ணாம்பை அரைத்து வெளியே தள்ளுகிறது. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற வெள்ளை மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அடுத்தது கப்பலில் பார்த்தது. கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேவுக்குப் போகும் கப்பல் குட்டி அந்தமானைத் தாண்டினால் பத்து டிகிரி கால்வாய். கார் நிக்கோபார் வரைக்கும் சுமார் 150 கிலோமீட்டருக்குத் திறந்த கடல். அது ஒரு மார்ச் மாதம், காற்றே இல்லை, கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்தது. திடீரென்று கிழக்கே ஒரு பட்டை மட்டும் சின்னச் சின்ன அலையாகக் கொதித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைவே இல்லை. கப்பல் அதைத் தாண்டும்போது சலசல என்று சத்தம். பழைய மாலுமிகள் எழுதி வைத்த சங்கதிதான்.

அந்த அலை நடப்பது மேலே இல்லை, உள்ளே. அந்தமானும் நிக்கோபாரும் பர்மாவின் அரக்கான் மலையிலிருந்து சுமத்ரா நோக்கிப் போகும் ஒரு மூழ்கிய மலைத்தொடரின் உச்சிகள். கடலின் ஓத ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் இந்த மலைமுகடுகளைத் தாண்டும்போது, சூட்டுத் தண்ணீரும் குளிர்த் தண்ணீரும் சேரும் இடம் குலுங்கி, அங்கே அலை எழுகிறது. 60 மீட்டருக்கும் மேல் உயரம் அளந்திருக்கிறார்கள். மேலே நமக்குத் தெரிவது அந்தச் சலசலப்புப் பட்டை மட்டும். செயற்கைக்கோள் படங்களில் வரிவரியாகத் தெரியும்.

அந்த மலைத்தொடரும் சும்மா இருப்பதில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் எழும்பி, பவளம் காற்றில் காய்ந்து செத்தது. தெற்கே கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சிப்பிகாட்டில் வயல் இருந்த இடத்தில் இப்போது உப்புத் தண்ணீர், கொக்கு, நண்டு.

அந்த உள் அலைகளில் பல கிழக்கே, தாய்லாந்துப் பக்கம் போகின்றன. அதன் பலன் 2010-இல் தெரிந்தது. அந்த வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி அந்தமானில் பவளம் பரவலாக வெளுத்தது. தண்ணீர் சூடேறினால் உள்ளே குடியிருக்கும் பாசி வெளியேறிவிடும், சதை கண்ணாடியாகி எலும்பு வெள்ளையாகத் தெரியும். கண்ணாடிப் படகில் போன டூரிஸ்டுகள் வெள்ளைப் பவளம் என்று ரசித்தார்கள். தாய்லாந்தின் சிமிலன் தீவுகளிலும் அதே சூடு. ஆனால் அங்கே உள் அலை வந்து மோதும் மேற்குப் பக்கத்தில் அடியிலிருந்து குளிர்த் தண்ணீர் அவ்வப்போது ஏறிவந்ததால், மறைவாக இருந்த கிழக்குப் பக்கத்தைவிடப் பவளம் தாக்குப்பிடித்தது. நிலவறைச் சாவி அங்கே கொஞ்சம் திரும்புகிறது போல.

எங்கள் பக்கம் சூட்டைக் குறைப்பது தென்மேற்குப் பருவமழைதான். மேகம் வெயிலை மறைக்கும், காற்று மேல்தண்ணீரைக் கலக்கும். மே மாதம் ரூம் போட்டுவிட்டு மழையால் ஹேவ்லாக் படகு ரத்தாகிப் போன் செய்கிறவர்களுக்கு: பணம் திருப்பித் தருகிறேன், மழையை மட்டும் திட்டாதீர்கள்.