தூதரகம் கேட்டால் மாணவர் விவரத்தைக் கொடுத்துவிடலாமா?

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வேலை செய்வோர் கவனத்துக்கு. "எங்கள் நாட்டு மாணவரின் முகவரி, வருகைப் பதிவு வேண்டும்" என்று தூதரகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் துறை அலுவலகம் பதில் போடக்கூடாது. "அவர் இங்கேதான் படிக்கிறார்" என்பதே தனிப்பட்ட தகவல்தான். தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள்.

ஜிடிபிஆர் என்ற ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 48ஆவது பிரிவின்படி, ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டின் நீதிமன்றத் தீர்ப்போ அரசு ஆணையோ சர்வதேச ஒப்பந்தத்தின் அடிப்படையில் வந்தால்தான் தன்னளவில் செல்லும். இல்லையென்றால் 6ஆவது பிரிவில் ஒரு சட்ட அடிப்படையும் வெளிநாட்டுக்குத் தரவு அனுப்புவது பற்றிய 5ஆம் அத்தியாயத்தில் இன்னொன்றும் வேண்டும்.

மாணவரின் சம்மதமும் அப்படியொரு அடிப்படைதான்; பெரும்பாலும் சறுக்குவது அதில்தான். அந்த அரசின் உதவித்தொகையில் படிக்கும் பிள்ளை, மறுத்தால் பணம் நின்றுவிடும் என்று பயந்து போடும் கையெழுத்து சுதந்திரமான சம்மதம் ஆகாது. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அந்த அரசால் தொல்லை வருமோ என்ற பயமும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

தொலைபேசியில் கேட்டால் எதையும் உறுதிசெய்யாமல், எந்தச் சட்டத்தின்கீழ் கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.