எனக்குச் சங்கம் இல்லையா சார்?

வங்கிக் கிளையில் என்னோடு கிளார்க்காக இருந்தவள் அவள். முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலைக் கேட்டு அவள் திருப்பிக் கேட்டாளே, அதற்குத்தான் இன்றுவரை பதில் இல்லை. ஓய்வு பெற்றாகிவிட்டது, பென்ஷன் மாதம் தவறாமல் வருகிறது, ஆனாலும் அந்த மாலையை விட்டு என்னால் நகர முடியவில்லை.

2016. கிளார்க்கிலிருந்து ஸ்கேல் ஒன், அதாவது முதல் படி அதிகாரியாகப் போவதற்கான சர்க்குலர் வந்திருந்தது. நாலரை மணிக்கு மேல், கேஷ் டேலி ஆகிவிட்ட நிம்மதியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவள் நூறு ரூபாய் பாக்கெட்டுகளுக்குக் காகிதப் பட்டை சுற்றி, தேதி முத்திரை குத்தி, சுருக்கக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். (என் மகள் வயது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.)

"அப்ளை பண்ணட்டுமா சார்?"

"பண்ணும்மா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அப்போ நீங்க ஏன் போகல?"

"எனக்குச் சங்கம் இருந்தது" என்றேன். (அதிகாரியானால் எங்கள் கிளார்க் சங்கத்தை விட்டு வெளியே வர வேண்டும்.)

கையிலிருந்த முத்திரையைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "அப்போ எனக்குச் சங்கம் இல்லையா சார்?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஏதோ சொல்லிச் சிரித்தேன். அதற்குள் சேஃபைப் பூட்ட மேனேஜர் கூப்பிட்டுவிட்டார், எழுந்து போய்விட்டேன். அவ்வளவுதான் நடந்தது. இதில் என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்கிறாள்.

நான் அன்று சொன்ன யோசனை தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் சேர்ந்து போடும் சம்பள ஒப்பந்தம்தான் இருதரப்பு ஒப்பந்தம். 2015 மே மாதம் கையெழுத்தான பத்தாவது ஒப்பந்தப்படி கிளார்க்கின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 11,765 ரூபாய், அதே நாளில் அதிகாரிகளுக்குத் தனியாகக் கையெழுத்தான கூட்டுக் குறிப்பின்படி ஸ்கேல் ஒன் அதிகாரிக்கு 23,700. ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவள் வங்கிகளுக்கான பொதுத் தேர்வான ஐபிபிஎஸ் எழுதி வந்து சில வருடங்களே ஆகியிருந்தன, முப்பது வருடத்துக்கும் மேலே சர்வீஸ் பாக்கி. நான் அப்போது கிளார்க் ஸ்கேலின் உச்சியைத் தொட்டு, அதற்கு மேல் சில வருடங்களுக்கு ஒருமுறை கிடைக்கிற ஸ்டாக்னேஷன் இன்கிரிமென்டில் ஓடிக்கொண்டிருந்தேன். நான் அதிகாரியாகியிருந்தால் கையில் கூடுவது கொஞ்சம், ஊர் மாற்றம் நிச்சயம். அதே முடிவு எனக்கு ஒரு விதமாகவும் அவளுக்கு வேறு விதமாகவும் இருப்பது இயல்புதானே? என் பிள்ளை கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவள் கணக்குக் கேட்கவில்லை.

என் கதைக்கு வருகிறேன். எனக்கும் ஒரு காலத்தில் வாய்ப்பு வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று ஒரு வரி. எல்லோரும் எழுதுகிற வரிதான் அது, எந்த மேனேஜரும் மேற்கொண்டு கேட்பதில்லை. பொய்யும் இல்லை. அப்பா படுக்கையில் இருந்தார், மனைவி உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை, அந்த வேலையை வேறு ஊருக்கு எடுத்துப் போக முடியாது. அதே சமயத்தில்தான் சங்கத்தில் மாவட்டப் பொறுப்பும் வந்தது. 1993 அக்டோபரில் பென்ஷன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதற்கான விதிகள் 1995ல் வந்தன. பி.எஃப். போதும், பென்ஷன் எதற்கு என்றவர்கள் ஏராளம். கிளை கிளையாகப் போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸுக்கு நடுவே ஆப்ஷன் படிவத்தை விரித்துவைத்து விளக்கினேன். என் பேச்சைக் கேட்டு மாற்றிக்கொண்டவர்கள் இன்றும் தெருவில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். சில வீடுகளில் அவர் போய்விட்டார், மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. இந்தக் காரியத்தை ஒரு கிளை மேனேஜராக இருந்து நான் செய்திருக்க முடியாது. இதை மனதில் வைத்துத்தான் 'எனக்குச் சங்கம் இருந்தது' என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்பாவும் மனைவியின் வேலையும் இல்லாவிட்டாலும் மறுத்திருப்பேனா? தெரியாது. மறுத்திருப்பேன் என்று மேடையில் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

இப்போது அவள் பக்கம். அவள் கேள்விக்கு நேர்மையான பதில் 2010 ஏப்ரல் 27ல் இருக்கிறது. ஒன்பதாவது இருதரப்பு ஒப்பந்தம் கையெழுத்தான நாள். முன்பு பென்ஷன் வேண்டாம் என்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு அன்றுதான் கிடைத்தது. பல வருடப் போராட்டம், எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை நாள் சம்பளப் பிடித்தம்! எங்கள் ஊர்க் கிளைகளில் இனிப்பு கொடுத்தோம். அதே நாளில், 2010 ஏப்ரல் 1 முதல் வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பென்ஷன் கிடையாது, சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்த புதிய பென்ஷன் திட்டம்தான் என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2004லேயே வந்துவிட்டது, அரசு இதில் இறங்கி வரவே வராது, இதற்காக முறித்துக்கொண்டால் இருக்கிறவர்களுக்கும் இல்லாமல் போகும் என்று தலைவர்கள் விளக்கினார்கள். அந்த விளக்கத்தை நானும் கிளைகளில் போய்ச் சொன்னேன். இன்றைக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் யாருக்காக விட்டுக்கொடுத்தோமோ அவர்கள் யாரும் அன்று அந்தக் கூட்டத்தில் இல்லை. அவள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

அதாவது, நான் விட மறுத்த வேலையும் அவள் விடப்போகிற வேலையும் ஒன்றல்ல. கவுண்டர் ஒன்று, பதவிப் பெயர் ஒன்று, சந்தா ரசீதும் ஒன்று. உள்ளே இருப்பது வேறு. அவளிடம் இதைச் சொல்லித்தான் 'போ' என்றேனா? இல்லை. எனக்கே அது பிறகுதான் கோர்வையாக வந்தது.

இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் சின்ன விஷயம். எங்கள் கூட்டங்கள் மாலை ஆறரைக்கு, சங்க அலுவலகத்தில் நடக்கும். கிளை மூடி ஆட்கள் வந்து சேர வேண்டுமே, அதற்கு முன் எப்படி வைப்பது? அவள் ஊருக்குக் கடைசி நல்ல பஸ் ஏழு மணிக்கு. ஒரு கூட்டத்துக்கு வந்தாள், பாதியில் எழுந்து போனாள். அதன் பிறகு சந்தா வந்தது, அவள் வரவில்லை. எல்லோரும் என்னைத் தோழர் என்பார்கள், அவள் கடைசிவரை சார் என்றே கூப்பிட்டாள். நானும் திருத்தவில்லை.

சரி, அவள் போனதால் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் ஆனது. தேர்வு எழுதினாள். நேர்முகத் தேர்வு பணமதிப்பிழப்புக் களேபரத்தில் தள்ளிப்போய் பிறகு நடந்தது. அந்த நவம்பர், டிசம்பரில் கிளார்க்குகள் இரவு வரை உட்கார்ந்ததற்கு ஓவர்டைம் கேட்டு ரீஜனல் ஆபீசுக்கு நான் கடிதம் எழுதினேன். எங்களுக்குப் பிறகும் உட்கார்ந்திருந்த அதிகாரிகளுக்கு எழுத ஒன்றுமில்லை, அவர்களுக்கு ஓவர்டைம் என்பதே கிடையாது. அவள் எனக்குப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தவள்தான். தெரிந்தேதான் போனாள்.

போஸ்டிங் சத்தீஸ்கர். பெண் ஊழியர்களைக் கூடுமானவரை கணவரோ பெற்றோரோ இருக்கிற ஊருக்குப் பக்கத்தில் போட வேண்டும் என்று நிதியமைச்சகம் 2014லேயே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. 'கூடுமானவரை' என்பதற்குள் எதை வேண்டுமானாலும் அடக்கலாம். அவள் அழவில்லை. இந்தி கற்றுக்கொண்டாள்.

போய் ஓரிரு வருடம் கழித்து ஒரு ராத்திரி போன். சிறு தொழில்களுக்குக் கொடுக்கும் முத்ரா கடன்கள் சில வாராக் கடனாகிவிட்டன, நேரில் போய்க் கடையைப் பார்த்த குறிப்பு ஃபைலில் இல்லை என்று விளக்கம் கேட்டு மெமோ. வருட முடிவுக்குள் இத்தனை கணக்கு என்று மேலிருந்து விரட்டியவர்கள் பெயர் மெமோவில் கிடையாது, சாங்ஷன் செய்த அவள் பெயர்தான். "எப்படி சார் எழுதணும்?"

எனக்கு அப்படி எழுதிப் பழக்கம். எத்தனை கிளார்க்குகளின் விசாரணையில் பக்கத்தில் உட்கார்ந்து வாதாடியிருக்கிறேன்! பேப்பரை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டேன். பாதியில்தான் உறைத்தது. விசாரணை என்று வந்தால் இவள் பக்கத்தில் நான் உட்கார முடியாது. அதிகாரிகளுக்கான 1976ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி துணைக்கு இன்னொரு அதிகாரிதான் வரலாம். கிளார்க்கை வேலையை விட்டு நீக்கினால், அப்போது இருந்த 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின் கீழ் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அங்கே 11ஏ பிரிவைக் காட்டித் தண்டனை அதிகம், குறையுங்கள் என்று கேட்கலாம். அதிகாரி உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டும். விசாரணை முறைப்படி நடந்ததா என்றுதான் அங்கே முக்கியமாகப் பார்ப்பார்கள், தண்டனையில் லேசில் கைவைக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அவளுக்கும் கேண்டீனில் வைத்து ஒருமுறை சொன்னதுதான்.

இரண்டு மணி நேரம் போனிலேயே பேசி, பதிலைத் தயார் செய்தோம். எந்தத் தேதியில் எந்த இலக்குக் கடிதம் வந்தது, கிளையில் ஆள் எத்தனை, அந்த வாரம் அவள் வேறு எந்தப் பொறுப்பையெல்லாம் பார்த்தாள் என்று வரிசையாக. எச்சரிக்கையோடு முடிந்தது. "நீங்க இல்லாட்டி அவ்வளவுதான் சார்" என்றாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிகாரிகளுக்கும் சங்கம் இருக்கிறது, அவர்கள் சும்மா இருக்கவில்லை, அவளும் அதில் உறுப்பினர். ஆனாலும் அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டது என்னை. நான் 'உனக்கு இல்லை' என்று சொல்லாமல் சொன்ன சங்கத்தைக் கூப்பிட்டாள் என்று எடுத்துக்கொள்வதா, தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டாள் என்று எடுத்துக்கொள்வதா? முதலாவது எனக்கு ஆறுதல். இரண்டாவதுதான் உண்மை என்று தோன்றுகிறது.

சில சமயம் வேறு மாதிரியும் யோசிப்பேன். 'இருந்துடும்மா, உனக்கும் சங்கம் இருக்கு' என்று சொல்லியிருந்தால்? அவளைக் கமிட்டியில் போட்டு, கூட்டத்தை மதியத்துக்கு மாற்றி, புதிய பென்ஷன்காரர்களின் கோரிக்கையை அவள் வாயாலேயே பேச வைத்திருந்தால்? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு அவள் கொடுக்க வேண்டிய விலை பாதிச் சம்பளம். என் சங்கம் நிமிர்ந்து நிற்பதற்கு அவள் வாழ்க்கையைக் கேட்கிற உரிமை எனக்கு ஏது? அப்படிக் கேட்காததுதான் மரியாதை என்கிறது ஒரு மனம். கேட்கவே தோன்றவில்லையே உனக்கு, முப்பது வருடம் செயலாளராக இருந்து என்ன என்கிறது இன்னொரு மனம். இரண்டும் எனக்குப் பழகிவிட்டன.

இப்போது அவள் தமிழ்நாட்டுக்கே வந்துவிட்டாள், ஸ்கேல் டூ, ஒரு கிளைக்கு மேனேஜர். கெட்டிக்காரி. ஸ்டாஃபிடம் நல்ல பெயர். கிளார்க்காக இருந்து வந்தவள் என்பதால் ஐந்து மணிக்கு மேல் யாரையும் உட்கார வைப்பதில்லையாம், இவள் மட்டும் எட்டு வரை இருக்கிறாள். திரும்பவும் கிளார்க்காக இருக்கச் சொன்னால் இருப்பாயா என்று ஒருமுறை கேட்டேன். "சேச்சே, என்ன சார் நீங்க" என்றாள்.

போன மாதம் பேசும்போது ஒரு விஷயம் சொன்னாள். அவள் கிளையில் ஒரு கிளார்க், இருபத்தாறு இருபத்தேழு வயதுப் பெண், நல்ல சூட்டிகை. ப்ரமோஷன் தேர்வு எழுத மாட்டேன் என்கிறாளாம். "எவ்வளவோ சொல்லிட்டேன் சார். வெளி மாநிலம் போட்டுடுவாங்கன்னு பயப்படுறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அன்னைக்கு என்கிட்ட சொன்ன மாதிரி."

நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பேசவில்லை. அந்தப் பெண்ணைப் போகச் சொல்வதற்கு முன்னால், அவள் எந்தச் சங்கத்தில் இருக்கிறாள், அங்கே யாராவது அவளை ஒரு தடவையாவது பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களா என்று விசாரிக்க நினைக்கிறேன். கேட்டிருக்கிறார்கள் என்று அவள் சொன்னால் என் யோசனை மாறுமா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.