கொங்டூரியிலிருந்து கீழே

காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியில் ஏறி, பனியில் நின்று படமெடுத்து, கஹ்வா தேநீர் குடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். காலில் பனிச்சறுக்குப் பலகையை மாட்டிக்கொண்டால் அதே மலை வேறு முகம் காட்டும்.

கோண்டோலா இரண்டு கட்டங்களாக ஏறுகிறது. 1998-இல் திறக்கப்பட்ட முதல் கட்டம் கொங்டூரி வரை. 2005-இல் வந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையின் தோள்வரை, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்துக்கு. உலகம் முழுவதிலுமிருந்து தேர்ந்த சறுக்குக்காரர்கள் தேடி வருவது அந்த மேல்சரிவுகளைத்தான். சீர்செய்யாத பனி, பனிச்சரிவு அபாயம் வேறு. எனக்கு அந்த ஆசை இல்லை. கொங்டூரியிலிருந்து பைன் மரங்களுக்கு நடுவே குல்மார்க்குக்கு இறங்கும் பாதையே என் அளவுக்குச் சரியாக இருந்தது.

கற்றுக்கொள்ளும் காலத்தில் மண்டைக்குள் ஓயாத இரைச்சல்தான். முழங்காலை மடக்க வேண்டும், திரும்பும்போது எடையை வெளிப்பக்கக் காலுக்கு மாற்ற வேண்டும், கைகள் முன்னால் இருக்க வேண்டும். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பனியைப் பற்றாது, திருப்பவும் முடியாது. ஆகவே பள்ளத்தைப் பார்த்தபடி, முன்னங்கால் எலும்பு பூட்ஸின் நாக்கில் நன்றாக அழுந்தும்படி முன்னோக்கிச் சாய வேண்டும். அறிவுக்குப் புரிகிறது, முதுகுக்குப் புரிவதில்லை. என் பயிற்சியாளரான காஷ்மீரிப் பெரியவர் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பார்: "பலகையைப் பார்க்காதீர்கள் சார், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்."

முந்தைய இரவு பனி பெய்து, வெயில் ஏறிய ஒரு காலையில் அது நடந்தது. நிழல் விழுந்த இடங்களில் பனி இறுகி, பலகையின் விளிம்பு கரகரவென்று உரசியது. வெயில் பட்ட இடத்துக்கு வந்ததும் சத்தம் அடங்கியது. கண் பார்ப்பதற்கு முன்பே உள்ளங்கால் அந்த மாற்றத்தை உணர்ந்து எடையை மாற்றிவிட்டது. ஒரு திருப்பத்தின் முடிவிலேயே அடுத்தது தொடங்கியது. கட்டளையிட ஆள் யாரும் உள்ளே இல்லை. குளிர், வலிக்கும் தொடை, வாடகைக் கணக்கு எல்லாம் எங்கோ போய்விட்டன.

உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி மலையேறிகளையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் ஆராய்ந்து, இந்த நிலையை 'ஓட்டம்' (flow) என்று விவரித்தார். சவால் திறமையைவிட வெகுவாக மிஞ்சினால் பதற்றம், குறைந்தால் சலிப்பு. இரண்டும் ஏறக்குறைய ஈடாகும்போது இது வாய்க்கும் என்பது அவர் கருத்து. செய்வது சரியா என்று உடனுக்குடன் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். பனியைவிட உடனடியாகப் பதில் சொல்லும் ஆசிரியர் யார்? அஃபர்வத்தில் நின்றிருந்தால் எனக்குப் பயம் மட்டுமே மிஞ்சியிருக்கும். அடிவாரத்துப் பழகுசரிவில் கொட்டாவி.

மரங்கள் விலகி, கீழே புல்வெளியை மூடிய பனிப்பரப்பு தெரிந்தது. "அடடா, எவ்வளவு அழகாக வருகிறோம்!" என்று நினைத்தேன். அவ்வளவுதான். அடுத்த திருப்பத்தில் இடுப்பளவுப் பனியில் உட்கார்ந்திருந்தேன், ஒரு பலகை கழன்று தனியே கிடந்தது. பனிவண்டி இழுக்கும் ஒருவர் ஓடி வந்து அதை எடுத்துக் கொடுத்தார். கையோடு, ஓட்டல் வரை இழுத்துச் செல்ல எவ்வளவு தருவீர்கள் என்று பேரத்தையும் ஆரம்பித்துவிட்டார்.